வெர்னா திருத்தம்

எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கோப்பை காபி வாங்கிக் கொடுப்பது குற்றம். நூற்றைம்பது உறுப்பினர்களையும் கூப்பிட்டு மாட்டிறைச்சி விருந்து வைத்தால் குற்றமில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் லஞ்சம், எல்லோருக்கும் கொடுத்தால் உபசாரம். இந்த விதியை எழுதியவர்கள் அப்படி ஒரு விருந்தில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே ஜனவரி முதல் மே வரை அவை கூடும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சங்கத்தின் நாள். குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் பெரிய கூடத்தில் மேசை போட்டு, பதாகை கட்டி, காலை பத்து மணிக்கே சாப்பாடு தொடங்கிவிடும். பன்றி வளர்ப்போர் நாள், காப்பீட்டு முகவர் நாள், சிமெண்ட் நாள். பல் மருத்துவர்கள் தங்கள் நாளில் கேரமல் மிட்டாய் கொடுத்தார்கள். சவ அடக்க நிறுவனங்களின் நாளில் வரும் பொரித்த கோழிக்கு ஈடு கிடையாது. அன்று மட்டும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

நான் இந்தக் கட்டடத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். நான் வந்தபோது நிருபர் அறையில் ஒன்பது மேசைகள் இருந்தன. இப்போது என் மேசையும் ஒரு பழுதான பிரிண்டரும் இருக்கின்றன. கூடத்தில் சாப்பிடும் உரிமை எனக்கும் உண்டு. சாப்பிட்டிருக்கிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கேக் நாள் வந்தது. பதாகையில் ‘பாதுகாப்பான மேசைக்கான குடும்பங்கள்’ என்று எழுதி, பக்கத்தில் பல்வரிசை தெரியச் சிரிக்கும் நான்கு பேர் படம் போட்டிருந்தார்கள். அந்த அமைப்பில் குடும்பம் எதுவும் இல்லை. உறைந்த கேக் செய்யும் மூன்று தொழிற்சாலைகளும் குளிர்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியும் இருந்தன. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வேளாண் குழுவின் முன் அவர்களுடைய மசோதா விசாரணைக்கு வந்தது. விற்பனைக்கான கேக், ரொட்டி, மாவுப் பண்டம் எதையும் இனி யாரும் வீட்டு அடுப்பில் சுடக் கூடாது. தனிக் கட்டடம், பாத்திரம் கழுவ மூன்று தொட்டி, தரையில் வடிகால், சான்றிதழ் பெற்ற குளிர்பெட்டி எல்லாம் வேண்டும். குளிர்பெட்டியின் அளவு மட்டும் அங்குலம் தவறாமல் குறிப்பிடப்பட்டிருந்தது.

ஒன்பதரைக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோது, ஒரு பெண்மணி இரண்டு அட்டைப்பெட்டிகளை மார்போடு அணைத்தபடி பதாகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். பனிக்காலணியில் இன்னும், சாலைப் பனியை உருக்கக் கொட்டிய உப்பின் சேறு.

“ஏங்க, நீங்க இங்க வேல செய்றவரா?” என்றார்.

“பேப்பர்காரன்.”

“அப்ப தெரிஞ்சிருக்கும். இந்தப் ‘பாதுகாப்பான மேசை’ங்கறவங்க, இன்னைக்கு மத்தியானம் வர்ற மசோதாக்காரங்களா?”

“அவங்களேதான்.”

அவர் பெட்டிகளை மெல்ல மேசையில் வைத்தார். மேசையில் ஏற்கெனவே நாற்பது கேக்குகள் இருந்தன. புளித்த பாலேடு போட்ட ஆப்பிள் கேக். லவங்கப்பட்டை வாசனை மாடிப்படி வரை போயிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் சின்னதாக ஓர் அட்டை: ‘உள்ளூர்க் குடும்பச் சமையலறையில் அன்போடு செய்தது.’

“நாப்பத்திரெண்டும் நான் செஞ்சது,” என்றார். “தலைநகரத்துல ஏதோ பார்ட்டின்னு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. நானும் இன்னைக்கு விசாரணைல பேச வர்றதா இருந்தேன், அதனால ஒரே வண்டில ரெண்டு வேலயும் முடியட்டும்னு ஏத்திட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமைலேருந்து சுடறேங்க. என் அடுப்ப மூட வர்றவங்களுக்கு!”

அவர் பெயர் வெர்னா டோலிஃப்சன். மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஓக் ஃபோர்க் ஊர். அங்கிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் சமையல்காரராக இருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியை மூடினார்கள். அன்றிலிருந்து கேக் சுட்டு சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறார், அதுதான் பிழைப்பு. மசோதா நிறைவேறினால் தனிக் கட்டடம் கட்ட வேண்டும், அதற்கு வீட்டை விற்க வேண்டும், வீட்டை விற்றால் கட்டடம் கட்ட இடமிருக்காது. இதை அவரே எனக்கு அந்த வரிசையில்தான் சொன்னார்.

விருந்து ஏற்பாடு செய்த கம்பெனிக்காரர்கள் ஏன் தொழிற்சாலை கேக்கையே வைக்கவில்லை என்ற கேள்வி வரும். முந்தைய வருடம் வைத்தார்கள். மாலையில் துப்புரவுக்காரர்கள் கூடத்திலிருந்த பூந்தொட்டிகளுக்குள்ளிருந்து அறுபது துண்டுகளை எடுத்தார்கள்.

“திரும்பி எடுத்துட்டுப் போயிடட்டுமா?” என்று வெர்னா கேட்டார்.

அதற்குள் வேளாண் குழுவின் தலைவர் லைல் ஹோவ்லண்ட் வந்துவிட்டார். சோயா விவசாயி, ஆறடி நான்கங்குலம், யாரிடமும் முகம் சுளிக்காத மனிதர். ஒரு தட்டில் இரண்டு துண்டு வைத்து, மூன்றாவதைக் கையிலேயே பிடித்திருந்தார்.

“பேப்பர்காரரே, இத ஒரு வாய் போட்டுப் பாருங்க. எங்கம்மா செத்து இருவது வருஷம் ஆச்சு. இன்னைக்குத்தான் மறுபடி சாப்பிடறேன்,” என்றார். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

வெர்னா கடைசி இரண்டு கேக்குகளையும் எடுத்து வைத்துவிட்டு, காலிப் பெட்டிகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

*

விசாரணை அறையின் வாசலில் ஒரு தாள் இருக்கும். பேச வருகிறவர் அதில் பெயரும், யார் சார்பில் என்பதும் எழுதி, மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும்: ஆதரவு, எதிர்ப்பு, தகவலுக்கு மட்டும். வெர்னா ‘எதிர்ப்பு’ என்ற கட்டத்தில் பேனா கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் குறி போட்டார். ‘யார் சார்பில்’ என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ‘நானே’ என்று எழுதினார்.

அவருக்கு முந்தைய வரியில், ‘பாதுகாப்பான மேசை’ சார்பில் டாரல் கெஸ்னிக் கையெழுத்து. டாரல் பன்னிரண்டு வருடம் உறுப்பினராக இருந்து, பிறகு தாழ்வாரத்தின் எதிர்ப்பக்கத்துக்கு, கம்பெனிகளுக்காக உறுப்பினர்களிடம் பேசும் வேலைக்கு, மாறியவர். சம்பளத்துக்குப் பேச வருகிறவர்கள் கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்ட வேண்டும் என்பது சட்டம். டாரல் அதைப் பதக்கம் மாதிரி மாட்டியிருப்பார். எல்லா உறுப்பினர்களின் பிள்ளைகளுடைய பிறந்தநாளும் அவருக்குத் தெரியும். சிலருடையது அந்த உறுப்பினர்களுக்கே அவர் சொல்லித்தான் ஞாபகம் வரும்.

எங்கள் விசாரணையில் சாட்சிக்கு மூன்று நிமிடம். மேசையில் மூன்று விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தலைவர் கேள்வி கேட்டால், பதில் சொல்லும் நேரம் கணக்கில் வராது. பச்சை அப்படியே எரியும்.

டாரல் இரண்டு நிமிடம் பேசினார். பிறகு ஹோவ்லண்ட் ஐந்து கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றையும் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். அந்தத் தாளின் எழுத்துருவும் டாரல் கையிலிருந்த தாளின் எழுத்துருவும் ஒன்றாக இருந்தன. பதில்கள் முப்பத்தைந்து நிமிடம் போயின.

“வீட்டுச் சமையலறைன்னா என்னங்க?” என்றார் டாரல். “புள்ளைங்க ஓடும். நாய் படுத்திருக்கும். பூனை மேடை மேல ஏறும். அதுல சுட்டத எங்க வீட்டு நாய்க்குக்கூட நான் போட மாட்டேன்.”

அவருடைய கழுத்துப்பட்டையில் கேக் துகள் ஒட்டியிருந்தது. லவங்கப்பட்டை நிறம்.

வெர்னாவின் முறை வந்தபோது குழுவில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்தார். பிறகு மடித்துப் பையில் போட்டார்.

“காலைல வெளிய கேக் சாப்பிட்டவங்க கொஞ்சம் கை தூக்குங்க.”

“அம்மா, சாட்சி உறுப்பினர்களக் கேள்வி கேட்கக் கூடாது, அது விதி,” என்று ஹோவ்லண்ட் சொன்னார். சொல்லும்போதே அவர் கை பாதி உயர்ந்திருந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு கைகள். பதின்மூன்றாமவர் சர்க்கரை நோயாளி; அவரும் வெட்கத்தோடு கையைத் தூக்கினார்.

“அது நான் சுட்டது. என் வீட்டு அடுப்புல. இவர் சொன்ன மாதிரி பூனையும் இருக்கு. பேரு ஹெரால்ட்.”

அறை சிரிப்பில் அதிர்ந்தது. டாரலும் சிரித்தார், அவர்தான் முதலில் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

“ஹெரால்டுக்கு வயசு பதினாலு. மேடை மேல ஏற முடியாது, சோபாவுக்கே நான்தான் தூக்கி வைக்கணும். பதினோரு வருஷமா என் கேக்க சாப்பிட்டு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் வயித்து வலி வந்ததில்ல. உங்களுக்கும் வரல. அவ்ளோதாங்க. என்னோட அடுப்ப எனக்கு விட்டுடுங்க.”

மஞ்சள் விளக்குகூட வரவில்லை. கை தட்டினார்கள். குழுவில் ஒருவர் செய்முறை கேட்டார். ஹோவ்லண்ட் பத்து நிமிடம் இடைவேளை அறிவித்துவிட்டு எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் வெர்னாவின் கையைப் பிடித்து, “உங்கள மாதிரி ஜனங்களுக்காகத்தாம்மா இந்தக் கட்டடமே கட்டியிருக்கு,” என்றார்.

என் செய்தியின் முதல் வரி மனதுக்குள் தயாராகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் நான் அப்படி ஏமாந்தேன்.

இடைவேளையில் தாழ்வாரத்துக்குப் போனபோது, ஜன்னலோரம் டாரலும் ஹோவ்லண்டும் நின்றிருந்தார்கள். டாரல் ஒரு காகிதத் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் கழித்து ஹோவ்லண்ட் அந்தத் தட்டைப் பார்த்துப் படித்தார். ஒரு திருத்தம்: சட்டமன்றக் கட்டடத்துக்குள், அவை கூடும் நாட்களில் நடக்கும் விருந்துகளுக்கு, இந்தச் சட்டம் வருமுன்பே கேக் கொடுத்தவர் தொடர்ந்து வீட்டிலேயே சுட்டுக் கொடுக்கலாம். மற்றபடி மசோதாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

“இதுக்கு வெர்னா திருத்தம்னு பேர் வைக்கிறோம்,” என்று அவர் பெருமையோடு அறிவித்தார். மறுபடி கை தட்டினார்கள். பதினொன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.

வெர்னாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாழ்வாரத்தில் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஜெயிச்சேனா, தோத்தேனா?”

நான் பதில் யோசிக்கும்முன் டாரல் வந்துவிட்டார்.

“வெர்னாம்மா! பிரமாதம். நான் உறுப்பினரா இருந்த பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒரு சாட்சியம் கேட்டதில்ல. பல் டாக்டருங்க இப்பவே கேக்கறாங்க, அவங்க நாளுக்கு முப்பது கேக் வேணுமாம். சிமெண்ட்காரங்களுக்கும் வேணும்.”

“சனிக்கிழமைச் சந்தை?”

“சனிக்கிழமை அவை கூடாதேம்மா.”

“எங்க ஊர்ல கல்யாணம், ஞானஸ்நானம்னு எத்தன பேர் கேப்பாங்க. நாப்பது வருஷமாத் தெரிஞ்ச ஜனங்க.”

“அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க! கட்டடம் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு.” டாரல் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

வெர்னா என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். நிருபர் யோசனை சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அன்று அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

என் செய்தியை ஆசிரியர் முதல் பக்கத்திலேயே போட்டார். கேக் கத்தியோடு சிரிக்கும் வெர்னாவின் படம், ‘ஓக் ஃபோர்க் பெண்மணியின் கேக் சட்டமன்றத்தை வென்றது’ என்ற தலைப்பு. மசோதா நிறைவேறிய விஷயம் ஏழாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே, ஆறாவது பத்தியில் இருந்தது. ஹெரால்டுக்கு வாசகர்களிடமிருந்து நானூறு கடிதங்கள் வந்தன.

*

மே மாதம் மசோதா சட்டமானது. அடுத்த வருடம் வெர்னா வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். கூடத்தின் கிழக்கு ஓரத்தில் அவருக்கென்று நிரந்தர மேசை. காவலர்கள் அவர் பெட்டிகளைச் சோதிக்காமல் விடுவார்கள், கதவைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். உறுப்பினர்கள் அவரைக் கட்டிப்பிடித்து வணக்கம் சொன்னார்கள். ஓக் ஃபோர்க்கில் மட்டும் யாருக்கும் அவர் ஒரு துண்டு விற்க முடியாது. பக்கத்து வீட்டுப் பையனின் பட்டமளிப்புக்குத் தொழிற்சாலை கேக்தான் வெட்டினார்களாம். “வாயில போட்டா ஸ்பாஞ்சு மாதிரி இருந்துச்சு,” என்று என்னிடம் சொன்னார். “நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

அந்த மார்ச்சில் ஒரு புதிய மசோதா வந்தது. போன வருடம் எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவர் கொண்டுவந்தது. ஒரே வரி: வெர்னாவுக்குத் தந்த அனுமதியை மாநிலத்தில் வீட்டிலிருந்து சுட்டு விற்கும் எல்லோருக்கும், எல்லா நாட்களுக்கும், எல்லா இடங்களுக்கும் கொடுக்க வேண்டும்.

விசாரணைக்கு வந்தவர்களில் ஹோடன் வார்சமே என்ற பெண் இருந்தார். தெற்கே இறைச்சிக் கூடங்கள் இருக்கும் ஊரிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சோமாலியாவிலிருந்து வந்த குடும்பம். இறைச்சி வெட்டும் வரிசையில் வேலை செய்து கை மரத்துப்போனதால், வீட்டில் மாவுக்குள் கறி வைத்து, சமோசா மாதிரி மூன்று மூலைச் சம்பூசா சுட்டு, வேலை மாறும் நேரத்தில் இறைச்சிக் கூடத்து வாசலில் விற்றுவந்தார். சட்டம் வந்ததும் விற்பனை நின்றது. உறுப்பினர்களுக்கென்று ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார். பதிவு செய்த விருந்து இல்லாததால் அதை வாசல் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஹோடன் என்னிடம் வந்து, பழைய செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டைக் காட்டினார். நான் எழுதியது.

“சார், இந்த அம்மா இன்னைக்கு வருவாங்களா? எங்களுக்காகப் பேசினவங்க.”

நான் கை காட்டினேன். வெர்னா வாசலில், பெயர் எழுதும் தாளின் முன் நின்றிருந்தார். நீல நிறக் கோட்டு, புதுக் காலணி. கழுத்தில் மஞ்சள் அட்டை.

ஹோடன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். “அம்மா, உங்களப் பத்திப் படிச்சுட்டுத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. பூனை எப்படி இருக்கு?”

“நல்லாருக்கும்மா,” என்றார் வெர்னா. கையை விடுவித்துக்கொள்ளவில்லை, இறுக்கவும் இல்லை. ஹோடன் உள்ளே போனார்.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். வெர்னாவின் பேனா மூன்று கட்டங்களுக்கும் மேலே நின்றது.

“அந்தப் பொண்ணு கேக்கறது உங்களுக்கும் சேத்துதான்,” என்றேன். அது என் விதிக்கு விரோதம். “சனிக்கிழமைச் சந்தை திரும்பி வரும்.”

“வரலாம். வராமயும் போகலாம். சட்டத்த ஒருதடவ திறந்துட்டா, என் வரியையும் சேத்துத் தூக்கிடுவாங்கன்னு டாரல் சொன்னாரு.”

“தூக்கறதும் டாரல்தான்.”

“அதனாலதான் அவர் சொன்னா நம்பறேன்.” அவர் முகம் சிவந்துவிட்டது. “நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க பேப்பர்காரரே. அன்னைக்கு ஜெயிச்சேனா தோத்தேனான்னு உங்களக் கேட்டேன், நோட்டப் பாத்துட்டு நின்னீங்க. இப்ப எனக்கு இருக்கறது இந்த ஒரு கதவு. இதுல நான் குறுக்க நிக்கல, தொங்கிட்டு இருக்கேன்.”

‘எதிர்ப்பு’ என்ற கட்டத்தில் சின்னதாக ஒரு குறி போட்டார். ‘யார் சார்பில்’ என்ற இடத்தில் ‘பாதுகாப்பான மேசைக்கான குடும்பங்கள்’ என்று எழுதினார். அந்த அமைப்புக்குக் கடைசியில் ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது.

ஹோடன் முதலில் பேசினார். நன்றாகத்தான் பேசினார். மரத்துப்போன விரல்களைக் காட்டினார். ஹோவ்லண்ட் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மஞ்சள் விளக்கு வந்தபோது, ஹோடன் தான் கொண்டுவந்த செய்தித்தாள் துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்:

“எங்க வீட்டுலயும் ஒரு பூனை இருக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஓர் உறுப்பினர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பின்வரிசையில் டாரல் எதையோ குறித்து, மடித்து, தலைவருக்குக் கொடுத்தனுப்பினார். சிவப்பு விளக்கு வந்தது.

வெர்னா சாட்சி மேசையில் உட்கார்ந்தார். பச்சை விளக்கு. அவர் முன்னால் இரண்டு தாள்கள், தட்டச்சு செய்தவை. வணக்கம் சொல்லி முடிக்கும்முன்பே ஹோவ்லண்ட் குறுக்கிட்டு, கையிலிருந்த சீட்டைப் பிரித்தார்.

“வெர்னா, உங்களுக்கு இதுல அனுபவம் இருக்கு. ஒரு கேள்வி. விற்பனைக்குச் சுடற சமையலறைல பூனை இருந்தா, அதனால ஜனங்களுக்கு ஆபத்து உண்டா?”

இந்தக் கேள்வி தட்டச்சுத் தாளில் இல்லை என்பது அவர் இரண்டு தாளையும் புரட்டியதில் தெரிந்தது. முதல் வரிசையில் ஹோடன் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா தண்ணீர் கேட்டார். குடித்தார். கோப்பையை வைத்தார்.

“இருந்தா,” என்றார், “ஆபத்துதாங்க.”

ஹோவ்லண்ட் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.